ஜாஸ், ப்ளூஸ் கேட்க யாரிடமிருந்து தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இளையராஜா பாட்டும், கல்பாத்தித் தேர் சமயத்தில் கேட்கிற கச்சேரிகளும்தான் இதுவரை உங்கள் சங்கீதம். ஜாஸும் ப்ளூஸும் பழக வேண்டும் என்று ஆசை வந்து, எல்லோரும் கைகாட்டுகிற மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைப் போட்டீர்கள். பத்து நிமிஷத்தில் தூக்கம் வந்துவிட்டது. "கட்டாயம் கேட்க வேண்டிய பத்துப் பேரைச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். கூடவே, நல்லதாக எதையாவது கண்டுபிடித்து நண்பர்களுக்கு அனுப்பினால் ஒருவரும் கேட்பதில்லை என்ற வருத்தமும் இருக்கிறது. பத்துப் பெயர் எங்கே தேடினாலும் கிடைக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு எப்படிப் போவது, நம் காதில் ஏறியதை அடுத்தவர் காதில் எப்படி ஏற்றுவது என்று. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் சித்தூரில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறவன் (நம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை). வயசுக் காலத்தில் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ட்ரம்ஸும் வாசித்தேன். ஜாஸ் எனக்கு வந்தது ஷார்ட்வேவ் ரேடியோ வழியாக. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்று ஒருவர் 1955லிருந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுவார். பாட்டைவிட, யார் யார் வாசித்தார்கள் என்று அவர் சொல்லும் பெயர்களைத்தான் நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். ஆகவே தாளம், நடை, பாட்டின் கட்டுமானம் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்ஸ் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), ஹார்மனி விஷயத்தில் நான் கேட்டுப் பழகியவன் மட்டுமே, படித்தவன் இல்லை. அந்த இடங்களில் ஒரு பியானோக்காரரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

என் வழி இதுதான்: பக்கவாத்தியக்காரரைப் பிடித்துக்கொண்டு போவது. கச்சேரி நோட்டீஸில் பாட்டு யார் என்று பார்த்த கையோடு வயலின் யார், மிருதங்கம் யார் என்று பார்க்கிற பழக்கம் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. பாலக்காடு மணி ஐயர் பிறந்த மண்ணில் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஜாஸிலும் ஆல்பத்தின் அட்டையில் பெரிதாக இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள் நாலைந்து. அந்தச் சின்ன எழுத்துப் பெயர்கள் ஒரே வருஷத்தில் பத்து இடங்களில் வாசித்திருப்பார்கள். இன்னார் ஆல்பத்தில் பேஸ் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவர் அடுத்த மாதம் வேறொருவர் ஆல்பத்தில் இருப்பார். அவரைத் தொடர்ந்தால் எந்த விமர்சகரின் பட்டியலும் வேண்டாம்.

உங்களைத் தூங்க வைத்த அந்த ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1959இல், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்து ஸ்டுடியோவில் பதிவானது. மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட். ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன். கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன். பில் எவன்ஸ் பியானோ, ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லி. பால் சேம்பர்ஸ் பேஸ். ஜிம்மி காப் ட்ரம்ஸ். இதில் மைல்ஸையும் கோல்ட்ரேனையும் உலகமே தொடர்கிறது. நான் பால் சேம்பர்ஸைப் பிடிக்கச் சொல்வேன். அந்தப் பதிவின்போது அவருக்கு 23 வயது. 33 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் பாதிப் பேருக்குப் பின்னால் நின்று வாசித்து முடித்திருந்தார்.

அவரைப் பிடித்தால் எங்கே போகிறோம் பாருங்கள். 1956இல் சானி ராலின்ஸின் 'டெனர் மேட்னஸ்' பாட்டில் பேஸ் அவர்தான். ராலின்ஸும் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்துப் பதிவானது அது ஒன்றுதான். 1957இல் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்'. அதில் ட்ரம்பெட் லீ மார்கன், வயசு 19. அவர் வாசிப்பில் பிடிப்பு ஏற்பட்டால் அவர் பின்னால் திரும்புங்கள்; அடுத்த வருஷமே ட்ரம்ஸ் மேதை ஆர்ட் ப்ளேக்கியின் 'மோனின்' ஆல்பத்தில் இருக்கிறார். ப்ளேக்கியின் குழு ஒரு குருகுலம் மாதிரி. வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பார்ட், வின்டன் மார்சாலிஸ் என்று தலைமுறை தலைமுறையாக அதிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். மறுபடி சேம்பர்ஸிடம் வந்தால், 1957இல் தன் பெயரிலேயே 'பேஸ் ஆன் டாப்' என்ற ஆல்பம். அதில் வில் போட்டு அந்தப் பெரிய வாத்தியத்தை வாசிப்பதைக் கேளுங்கள், வயலின் கேட்டுப் பழகிய காது சட்டென்று நிமிரும். அதில் கிடார் வாசிக்கும் கென்னி பரல் ஆறு வருஷம் கழித்துப் போட்ட 'மிட்நைட் ப்ளூ' பற்றிக் கீழே சொல்கிறேன். கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் 'மிஸ்டர் பி.சி.' என்று ஒரு பாட்டு உண்டு. அந்த பி.சி. பால் சேம்பர்ஸ்தான். கூட வாசிப்பவர்கள் அவரை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரே ஒரு பேஸ்காரர், எத்தனை வாசல் திறந்துவிட்டார் பாருங்கள்.

சரி, ஏன் தூக்கம் வந்தது? எனக்குத் தோன்றுவது, நீங்கள் அதை மெட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் பாட்டு 'ஸோ வாட்'டில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதல் அரை நிமிஷம் தாளத்துக்குள் வராத முன்னுரை, அதை விட்டுவிடுங்கள். அப்புறம் பேஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து ஆதி தாளம் போடுங்கள், ஒரு பீட்டுக்கு ஒரு எண்ணிக்கை, எட்டு எண்ணினால் ஒரு ஆவர்த்தனம். எட்டு ஆவர்த்தனம் ஒரே இடத்தில் நிற்கும். அடுத்த நாலு ஆவர்த்தனத்துக்குச் சுருதியையே அரை ஸ்வரம் ஏற்றியது போல எல்லாம் மேலே நகரும். கடைசி நாலு ஆவர்த்தனம் பழைய இடத்துக்கே இறங்கும். அவ்வளவுதான் பாட்டு, இந்த 16 ஆவர்த்தனமும் திரும்பத் திரும்ப வரும், மேலே ஆள் மாறி மாறிக் கற்பனை செய்வார்கள். ஏறுகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் கையால் பிடித்துவிட்டால் தூக்கம் வராது. ஒன்றரை நிமிஷம் ஆனதும் மைல்ஸ் தன் முறையைத் தொடங்குவார். சரியாக அந்த இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி அடிப்பார், அது அடங்க ரொம்ப நேரம் ஆகும். அந்த அடி விழுந்த பிறகு பேஸ் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கும், ஒரு பீட்டுக்கு ஒரு ஸ்வரமாக. நான் மாணவர்களுக்கு இந்த ஒரு நொடியைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஸோ வாட்' கரகரப்பிரியா ராகம்தான் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஸ்வர வரிசை அளவில் அது உண்மை. ஜாஸ்காரர்கள் டோரியன் என்று சொல்வதும் நம் 22ஆவது மேளமான கரகரப்பிரியாவும் ஒரே படிகள். மைனர் பென்டடானிக் என்று கிடார்காரர்கள் சொல்வது சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்கள். ஆனால் ராகம் என்பது படிக்கட்டோடு முடிகிற விஷயம் இல்லையே. கமகமும் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) பிடிகளும் இல்லாமல் கரகரப்பிரியா ஏது? இரண்டையும் போட்டுக் குழப்பினால் மைல்ஸ் வாசிப்பில் இல்லாததைத் தேடி, இருப்பதைத் தவற விடுவீர்கள். அவர் வாசிப்பில் இருப்பது இடைவெளி. வாசிக்காமல் விடுகிற இடங்கள்.

உண்மையில் நீங்கள் ஜாஸில் தொடங்கியதே கொஞ்சம் அவசரம் என்று நினைக்கிறேன். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு, சுருதி அடியில் அசையாமல் நிற்க வேண்டும். கார்ட் மாறிக்கொண்டே போனால் கால் ஊன்ற இடமில்லாதது போல இருக்கும். ஆகவே ஜான் லீ ஹூக்கரிடமிருந்து வாருங்கள். 1948இல் வந்த 'பூகி சில்லன்': ஒரு குரல், ஒரு கிடார், தரையில் தட்டுகிற கால். கார்ட் மாறவே மாறாது. ஒரே சுருதியில் நின்று பேச்சும் பாட்டுமாகப் போகும். லைட்னின் ஹாப்கின்ஸும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். பார் (நாலு பீட் கொண்ட சின்னச் சுற்று) எண்ணிக்கையை எல்லாம் அவர் சௌகரியத்துக்கு நீட்டுவார், குறைப்பார். இவர்கள் பழகிய பிறகு மூன்று கார்ட் ப்ளூஸ் சிரமமே தராது.

அந்த மூன்று கார்ட் கணக்கு எளிது. 12 பார், பாருக்கு நாலு பீட், மொத்தம் 48. நம் கணக்கில் ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி. முதல் வரியையே இரண்டாவதாகத் திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரியும் தன் இடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி வாத்தியத்துக்கு. பெஸ்ஸி ஸ்மித் 1925இல் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேளுங்கள். அவர் வரியை முடித்து நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகுழல்) உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகும். பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பது பியானோ இல்லை, ஆர்மோனியம். வாசித்தவர் ஃப்ரெட் லாங்ஷா. பஜனை மடத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதாக இருக்காது. பதிவு நூறு வருஷம் பழசு, கரகரக்கும். இரண்டாவது தடவையில் கரகரப்பு காதில் விழாது.

கமகம் தேடுகிற காதுக்கு ஸ்லைடு கிடார் இருக்கிறது. கண்ணாடிக் குப்பியின் கழுத்தையோ கத்தியையோ தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போய், ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள இடங்களை எல்லாம் தொடுவார்கள். ப்ளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த 'டார்க் வாஸ் தி நைட்' என்ற மூன்றரை நிமிஷம் அதன் உச்சம். பாட்டில் சொற்களே இல்லை, முனகல் மட்டும். முனகலைக் கிடார் அப்படியே திருப்பிச் சொல்லும். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இது இருக்கிறது. நம் ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடியதும் அதே தட்டில்தான் இருக்கிறது.

ப்ளூஸ்காரர்களைப் பற்றி உறுதியானதும் கதையும் ரொம்பக் கலந்து கிடக்கிறது, அதில் கவனம் வேண்டும். ராபர்ட் ஜான்சன் முச்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆத்மாவை விற்றுக் கிடார் கற்றார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். 1936, 1937இல் இரண்டு பதிவுகள், 29 பாட்டு, 27 வயதில் மரணம்: இது உறுதி. எப்படி இறந்தார் என்பதில் கதைகள் பல. முச்சந்திக் கதை டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ்காரர் பெயரில் ஏற்கெனவே உலவியது. கதை சுவைதான், ஆனால் அதைச் சொல்லி அவரைப் பரிந்துரைப்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே ஆள் வாசிக்கும் கிடாரில் பேஸும் தாளமும் மேல் வரியும் தனித்தனியாகக் கேட்கிறதே, அதைச் சொன்னால் போதாதா?

இதைவிட எனக்குப் பிடித்தது மிசிசிப்பி ஜான் ஹர்ட் கிடைத்த விதம். 1928இல் சில பாட்டுகள் பதிவு செய்தார், விற்கவில்லை, ஊருக்குத் திரும்பி விவசாய வேலை பார்க்கப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து, அந்தத் தட்டுகளைக் கேட்டு மயங்கிய டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், ஒரு பாட்டில் "ஆவலான் என் ஊர்" என்று வருவதைப் பிடித்துக்கொண்டார். பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி எடுத்து, 1963இல் மிசிசிப்பிக்குப் போய் விசாரித்தார். ஹர்ட் அங்கேயே இருந்தார், எழுபது வயதில், வாசிப்பு மங்காமல். அந்த வருஷமே நியூபோர்ட் இசை விழாவில் பாடினார். 1966இல் இறக்கும் முன் நிறையப் பதிவுகள் செய்தார். கூர்ந்து கேட்பது என்றால் இப்படி இருக்க வேண்டும். அவர் கிடாரில் கட்டைவிரல் கீழே தாளத்தை விடாமல் பிடித்திருக்க, மற்ற விரல்கள் மேலே பாடும். சத்தம் போடாத ஆள். ப்ளூஸ் என்றால் அழுகை என்று நினைப்பவர்களுக்கு இவரைத்தான் கொடுப்பேன்.

மடி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப், பி.பி. கிங் எல்லாம் எலெக்ட்ரிக் கிடார் காலம்; இவர்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, தானாக வந்து மாட்டுவார்கள். ஒன்று மட்டும்: பி.பி. கிங்கின் 'லைவ் அட் தி ரீகல்' 1964இல் சிகாகோவில் ஒரு தியேட்டரில் பதிவானது, அதில் ரசிகர்களின் கூச்சலையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நல்ல சங்கதி விழுந்ததும் சபையில் "ஆஹா" வரும் இடங்கள் அப்படியே இருக்கின்றன.

ப்ளூஸிலிருந்து ஜாஸுக்குக் கடக்கும் இடத்தில்தான் கென்னி பரலின் 'மிட்நைட் ப்ளூ'. 1963. கிடார், ஸ்டான்லி டரன்டைனின் சாக்ஸபோன், பேஸ், ட்ரம்ஸ், காங்கா (கையால் தட்டும் மேளம்). பியானோ கிடையாது, அதனால் கார்ட்ஸின் நெரிசல் குறைவு, காற்றோட்டமாக இருக்கும். உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு ஜாஸ் ஆல்பம்தான் சொல்லலாம் என்றால், நான் மைல்ஸைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் சொல்வேன். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

தாளம் பற்றி நிறையப் பேசலாம்; அடக்கிக்கொள்கிறேன். டேவ் ப்ரூபெக்கின் 'டேக் ஃபைவ்' ஐந்து பீட் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் கண்ட சாபு என்று குதிப்பார்கள். நம் கண்ட சாபு இரண்டும் மூன்றும். அது மூன்றும் இரண்டும். கை முதலில் தடுமாறும், தடுமாறட்டும். ஸ்விங் என்று அவர்கள் சொல்லும் ஓட்டம் சதுஸ்ரத்திலும் (நாலின் நடை) அடங்காது, திஸ்ரத்திலும் (மூன்றின் நடை) முழுசாக அடங்காது. வேகத்துக்கு ஏற்ப நடுவில் எங்கோ நிற்கும். அதை எழுதி விளக்க முடியாது, ட்ரம்ஸ்காரரின் வலது கை சிம்பலை மட்டும் கவனித்தால் உடம்புக்குப் புரியும். தொடையில் தட்டுவதானால் ஒன்று, மூன்றில் தட்டாதீர்கள். இரண்டு, நாலில் தட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ஜாஸ் பிடிபட்டுவிடும். எல்வின் ஜோன்ஸ் என்ற ட்ரம்ஸ்காரரில் திஸ்ரம் கொட்டும். கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' 13 நிமிஷத்துக்கு மேல் போகும், அதில் எல்வினை மட்டுமே கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

இந்தியத் தொடர்பு உள்ளதிலிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்பீர்கள். கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவி சங்கர் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தில் தம்புராவே ஒலிக்கிறது. அந்தச் சச்சிதானந்தர் வேறு யாருமில்லை, கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. வேலந்தாவளம் தாண்டினால் எட்டிவிடும் ஊர். கிடார்காரர் ஜான் மெக்லாலினின் சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு சாக்ஸபோனாகச் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்'. அமெரிக்காவில் வளர்ந்த தமிழர் விஜய் ஐயரின் பியானோ. எல்லாம் நல்லவை, எல்லாம் கேளுங்கள். ஆனால் இவற்றை மட்டும் கேட்டால், தெரிந்த வீட்டின் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தது போல ஆகும். இவற்றில் ஆலிஸின் ஆல்பத்தை மட்டும் முன்கூட்டியே கேட்கலாம், அதன் தம்புரா உங்களைக் கைவிடாது.

இனி உங்கள் இரண்டாவது கவலை, பரிந்துரைப்பது. நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை அனுப்புகிறீர்கள். அவர் காது எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. பொள்ளாச்சியில் கல்யாண பேண்டு செட்டில் க்ளாரினெட் வாசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஜாஸ் என்ற பேச்சே அவரிடம் எடுக்கவில்லை. சிட்னி பெஷே 1944இல் க்ளாரினெட்டில் வாசித்த 'ப்ளூ ஹொரைசன்' என்ற நிதானமான ப்ளூஸை மட்டும் போட்டேன். வேஷ்டி மேல் வைத்திருந்த விரல்கள் தானாகத் துளைகளைத் தேட ஆரம்பித்தன. முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தாளு மூச்சு எங்கீங்க எடுக்கறாரு?" திரும்பப் போடச் சொல்லி அதை மட்டும் கவனித்தார். பிறகு அவராகவே "இந்த மாதிரி வேற யாரு இருக்காங்க" என்று வந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவுகளில் வரும் ஜானி டாட்ஸைக் காட்டினேன். க்ளாரினெட் வழியாகவே நியூ ஆர்லியன்ஸ் முழுக்கச் சுற்றிவிட்டார், இன்றைக்கும் மைல்ஸ் டேவிஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதேபோல நெம்மாறை வேலை என்கிற கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற ஒரு மலையாளி நண்பர், தாயம்பகை (செண்டை வாசிப்பு) என்றால் விடிய விடிய நிற்பார். அவருக்கு மேக்ஸ் ரோச் 1966இல் தனியாக வாசித்த 'தி ட்ரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்'. காலால் மூன்று பீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கையால் மேலே கட்டிக்கொண்டு போவார். தாயம்பகையில் தாளம் பிடிக்கும் வலந்தலைச் செண்டையும் இலத்தாளமும் செய்கிற வேலையை அங்கே ஒருவரின் இரண்டு காலே செய்கிறது. "கொள்ளாம்" (நன்றாக இருக்கிறது) என்றார், அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்றால், ஆல்பம் அனுப்பாதீர்கள், பாட்டு அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு. எந்த நிமிஷத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "சூப்பர், கேட்டுப் பார்" என்று அனுப்பினால் நானே கேட்க மாட்டேன். மறுநாள் "கேட்டாயா" என்று நச்சரிக்காதீர்கள். கோல்ட்ரேனின் 'அசென்ஷன்', ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' போன்றவற்றைப் புதியவர்களுக்கு அனுப்புவது பெரும்பாலும் நம் பெருமைக்காகத்தான் இருக்கும். அவை பெரிய படைப்புகள், ஆனால் முதல் சாப்பாட்டில் பரிமாறுவதில்லை.

ஆப்கள் தானாகக் கோத்துத் தரும் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ஒன்று போல ஒலிப்பதைத் தரும், யாரிடமிருந்து யார் வந்தார் என்று தராது. காபி குடிக்கும்போது ஓட ஜாஸ் என்ற பெயரில் ஆள் பெயரே தெரியாத பதிவுகளும் ஏராளம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, அந்த ஆல்பத்தின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்து வாசித்தவர்கள் பெயரைப் பாருங்கள். அதில் தெரியாத பெயர் ஒன்றைத் தேர்ந்து, அவர் வாசித்த வேறொன்றைப் போடுங்கள். இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் விழவே விழாது; பால் சேம்பர்ஸ் இல்லாத 'ஸோ வாட்' கேட்டால் யாருக்கும் தூக்கம்தான் வரும். சுமாரான ஹெட்செட் போதும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். 1957 டிசம்பரில் சிபிஎஸ் டிவியில் வந்த நிகழ்ச்சியில் பில்லி ஹாலிடே பாடிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' யூடியூபில் கிடைக்கும். எட்டு நிமிஷம் போல வரும், வேகம் ரொம்பக் குறைவு, 12 பார் ப்ளூஸ், ஆக மேலே சொன்ன ஆறு ஆவர்த்தனக் கணக்கு அப்படியே பொருந்தும். மூன்று டெனர் சாக்ஸபோன்காரர்கள் அதில் இருக்கிறார்கள். முதலில் வருபவர் பென் வெப்ஸ்டர், தொண்டையில் காற்றுக் கலந்த குரல். அடுத்து லெஸ்டர் யங், உடம்பு முடியாத நிலையில் எழுந்து நின்று ஒரே ஒரு சுற்று, அதிகம் ஸ்வரம் இல்லாமல். பில்லி அவரைப் பார்த்துத் தலையசைப்பதை கேமரா பிடித்திருக்கிறது. இருவரும் 1959இல் நாலு மாத இடைவெளியில் இறந்தார்கள். கடைசிப் பக்கமாக வருபவர் கோல்மன் ஹாக்கின்ஸ், பெரிய சாரீரம், கார்ட்ஸை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். மூவரும் வாசிப்பது ஒரே ப்ளூஸ்தான். யார் உங்களை நிறுத்தினார் என்று எழுதுங்கள். வெப்ஸ்டர் என்றால் அடுத்து 1940ஆம் வருஷத்து டியூக் எலிங்டன் குழு. லெஸ்டர் என்றால் கவுன்ட் பேஸியின் குழுவும், 1937இல் பில்லியோடு செய்த பதிவுகளும். ஹாக்கின்ஸ் என்றால் 1939இன் 'பாடி அண்ட் சோல்', அதைக் கேட்கும் முன் ஒரு பியானோக்காரரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.